எக்ஸ்றே படத்தில் தெரியாத நோ

2024ஆம் ஆண்டு ஜூன் மாதம். வன்னியில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த மத்தியான வேளையில், அந்தத் தாய் பாயை விரித்து அதன் மேல் இரண்டு எக்ஸ்றே படங்களை அருகருகே வைத்தார்.

ஒன்று அவருடையது. 2009இல் ஷெல் வீச்சில் காயமடைந்த இடது கை. எலும்பின் ஓரமாக மூன்று வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. இன்றுவரை அகற்றப்படாத இரும்புத் துண்டுகள் அவை. மற்றையது அவருடைய 12 வயது மகளின் வலது கணுக்கால். அதில் முறிவுமில்லை, வெடிப்புமில்லை.

“என்ர கை நோகுதெண்டு சொன்னால் ஒருத்தரும் பொய்யெண்டு சொல்லுறேல்லை மிஸ். படத்திலை துண்டு தெரியுது. இவளின்ர படத்திலை ஒண்டும் தெரியேல்லை எண்ட உடனை, இவள் நடிக்கிறாள் எண்டு எல்லாரும் சொல்லினம். நீங்களும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?”

அந்தக் கேள்விக்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அது மட்டுமன்றி, எழுதியும் வைத்திருந்தேன்.

இரண்டு வாரங்களுக்கு முன்னர், பிள்ளை பாடசாலைக்கு வருவதில்லை என்று அறிவிக்கப்பட்டதையடுத்து அவ்வீட்டுக்கு முதற்தடவையாகச் சென்றிருந்தேன். தந்தை வெளி மாவட்டத்தில் கூலி வேலை. தாய் கை வழங்காதவர். வயதான அம்மம்மா. கடன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த எனக்கு இவ்வளவும் போதுமானதாக இருந்தது. “குடும்பச் சூழலால் ஏற்பட்ட உளப் பாதிப்பு, பாடசாலை செல்ல விருப்பமின்மை, தாயின் கவனத்தை ஈர்க்கும் முயற்சி” என்று அறிக்கை எழுதினேன். குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய நான், பிள்ளையின் காலைப் பார்க்கவில்லை.

இரண்டாந்தடவை சென்றபோதுதான், “தங்கச்சி, காலை ஒருக்கால் காட்டுவீங்களோ?” என்று கேட்டேன். பிள்ளை பாவாடையை மெதுவாக விலக்கினாள். வலது பாதம் ஊதா கலந்த நீல நிறமாக இருந்தது. இடது பாதம் சாதாரண நிறம். அந்த வெக்கையிலும் வலது பாதம் மட்டும் குளிர்ந்து கிடந்தது. கெண்டைக்கால் மெலிந்திருந்தது. என் விரல் நுனி பட்டதும் அவள் வீரிட்டாள். அந்தச் சத்தத்தைக் கேட்ட எவரும் அதனை நடிப்பென்று சொல்லமாட்டார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இருந்த நோயைப் பற்றியே இம்மாதம் எழுதுகின்றேன். தாயின் சம்மதத்துடன், அவர்களை இனங்காட்டக்கூடிய விபரங்களைத் தவிர்த்து எழுதுகின்றேன். அவரைப் போன்ற இன்னொரு தாய் இதனை வாசித்து, ஒரு பிள்ளையின் மூன்று மாத வேதனையையாவது குறைக்க முடிந்தால் போதுமானது.

சிறு சுளுக்கில் தொடங்கியது

மார்ச் மாதத்தில் இல்ல விளையாட்டுப் போட்டிக்காக அஞ்சலோட்டம் பயிலும்போது பிள்ளையின் கணுக்கால் பிரண்டது. பெரிய காயமெதுவும் இல்லை. அம்மம்மா எண்ணெய் பூசினார். பரியாரியார் ஒருவர் பத்துப் போட்டுக் கட்டினார். வீக்கம் வற்றவில்லை. எக்ஸ்றே எடுத்துப் பார்த்துவிட்டு, முறிவில்லை, ஓய்வெடுத்தால் சரியாகும் என்றார்கள். நோ கூடியதால் வேறோர் இடத்திற்குக் கொண்டு சென்றார்கள். அங்கே மூன்று வாரங்களுக்கு பிளாஸ்டர் போடப்பட்டது.

பிளாஸ்டரை வெட்டிய நாளில்தான் நிலைமை மோசமானது. “நெருப்புத் தணலுக்கை காலை வைச்ச மாதிரி எரியுது” என்று பிள்ளை அழுதாள். போர்வை பட்டால் நோ. மின்விசிறிக் காற்றுப் பட்டால் நோ. சப்பாத்துப் போடுவதை நினைக்கவே முடியாது. இரவில் நித்திரை இல்லை. தாய் பனடோல் கொடுத்தார். பயனில்லை. அயலில் ஒருவர் செய்வினை என்றார், நூல் கட்டினார்கள். மற்றொருவர் செல்லம் கூடிவிட்டது என்றார். பிள்ளை வாய் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

நான் அறிக்கையைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒரு கடிதம் எழுதி, இருவரையும் போதனா வைத்தியசாலையின் சிறுவர் கிளினிக்கிற்கு அழைத்துச் சென்றேன். அங்கிருந்த விசேட வைத்தியர் பிள்ளையின் இரு கால்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு நீண்ட நேரம் பார்த்தார். இரத்தப் பரிசோதனைகள் செய்வித்தார். அவை வழமையாக இருந்தன. அதன் பின்னர் தாயைப் பார்த்து, “உங்கட பிள்ளை பொய் சொல்லேல்லை அம்மா. இதுக்கு ஒரு பெயர் இருக்கு” என்றார். தாய் அழத் தொடங்கினார். நோய் இருக்கிறதென்று கேட்டு ஒரு தாய் ஆறுதலில் அழுததை நான் அன்றுதான் கண்டேன்.

பழைய நோய், புதிய பெயர்

இந்நோயை ஆங்கிலத்தில் “கொம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சின்ட்ரோம்” என்பர். சுருக்கமாக சீ.ஆர்.பி.எஸ். தமிழில் “சிக்கலான ஓரிட வலி நோய்” எனலாம். உடலின் ஓர் அவயவத்தில், பெரும்பாலும் கையில் அல்லது காலில், பட்ட காயத்தின் அளவுக்குச் சற்றும் பொருந்தாத கடும் வலி தொடர்ந்து இருப்பதே இதன் முக்கிய இயல்பாகும்.

இந்நோயைப் பற்றிய மருத்துவ அறிவு ஒரு யுத்தத்திலிருந்தே தொடங்கியது என்பதை நாம் அறிந்திருப்பது நல்லது. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் துப்பாக்கிச் சூடு பட்டு நரம்பு சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தவர் சைலஸ் வியர் மிட்செல் என்ற வைத்தியர். காயம் ஆறிய பின்னரும் இவர்கள் எரிவு வலியால் துடித்தார்கள். சிலர் அந்தக் கையை எந்நேரமும் ஈரத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். காற்றுப் படுவதையும், பத்திரிகைத் தாளின் சரசரப்பையும்கூட அவர்களால் தாங்க முடியவில்லை. இவ்விதமான நரம்புக் காயங்களைப் பற்றி மிட்செல் தமது சகாக்கள் இருவருடன் சேர்ந்து 1864இல் ஒரு நூலை வெளியிட்டார். நமது வாசகிகளில் ஷெல் துண்டோ சன்னமோ நரம்பில் பட்டவர்கள், அந்த எரிவு எத்தகையது என்பதை எனக்குச் சொல்லித்தரக்கூடியவர்கள்.

இந்நோய்க்குக் காலத்துக்குக் காலம் பல பெயர்கள் வழங்கிவந்தன. 1994இல்தான் இன்றைய பெயர் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இதில் இரண்டு வகைகள் உள்ளன. நரம்பில் காயம் இருப்பது தெளிவாகத் தெரிவது ஒரு வகை. அவ்வாறு தெரியாதது மற்றைய வகை. பிள்ளைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது நரம்புக் காயம் தெரியாத வகையேயாகும். அதனால்தான் பிள்ளைகள் அதிகம் சந்தேகிக்கப்படுகின்றார்கள்.

ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளே இந்நோயினால் கூடுதலாகப் பாதிக்கப்படுகின்றனர். 10 வயதிலிருந்து 14 வயது வரையான காலத்தில், அதாவது பிள்ளை பெரியவளாகும் பருவத்தை அண்டி, இது அதிகம் காணப்படுகின்றது. பெரியவர்களுக்குக் கையில் வருவது கூடுதல். பிள்ளைகளுக்குக் காலில் வருவதே கூடுதல். சுளுக்கு, சிறு விழுகை, சத்திரசிகிச்சை, நீண்ட நாள் கட்டுப்போட்டிருத்தல் போன்றவற்றின் பின் இது தொடங்கலாம். சில பிள்ளைகளுக்கு எந்தக் காயமும் ஞாபகத்தில் இருக்காது. இது அரிதான நோய். ஆயினும் அரிதானது என்பதனாலேயே கண்டுபிடிக்கப்படாமல் போகின்றது.

உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது?

“காயம் ஆறிட்டுதே, பிறகேன் நோகுது?” என்று தாய் கேட்டார். இதற்கு இயன்மருத்துவப் பிரிவில் கிடைத்த விளக்கத்தை, நமக்குத் தெரிந்த ஒன்றைக்கொண்டு கூறுகின்றேன்.

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனாலும் அதன் பின் பல வருடங்களாக, ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் நம்மில் எத்தனை பேரின் கண்கள் பதுங்குகுழியைத் தேடின? அந்தப் பயம் பொய்யல்ல, நடிப்புமல்ல. உயிரைக் காப்பதற்காக உடம்பு கற்றுக்கொண்ட பாடம் அது. ஆபத்து நீங்கிய பிறகும் உடம்பு அதை மறக்கவில்லை.

வலி என்பதும் உடம்பின் அபாய அறிவித்தல்தான். காலில் காயம் பட்டால் நரம்புகள் முள்ளந்தண்டு வழியாக மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. காயம் ஆறியதும் அந்தச் செய்தி ஓய வேண்டும். இந்நோயில் அது ஓய்வதில்லை. நரம்புகளும் மூளையும் கூருணர்ச்சி அடைந்து, சாதாரணமாகத் தொடுவதையும், காற்றுப் படுவதையும், துணி உரசுவதையும் ஆபத்து என்றே வாசிக்கின்றன. அத்துடன், இரத்தக் குழாய்களைச் சுருக்கி விரிக்கின்ற, வியர்வையைக் கட்டுப்படுத்துகின்ற நரம்புகளின் செயற்பாடும் குழம்புகின்றது. கால் நிறம் மாறுவதும், குளிர்வதும், வீங்குவதும், வியர்ப்பதும் இதனாலாகும். நோவுக்குப் பயந்து பிள்ளை காலை அசைக்காமல் வைத்திருக்கும்போது தசை மெலிகின்றது, மூட்டு இறுகுகின்றது, நோ மேலும் கூடுகின்றது. இது ஒரு சுழலாக மாறிவிடுகின்றது.

ஆகவே நோ உண்மையானது. ஆனால், காலுக்குள் ஏதோ உடைந்துகொண்டோ அழிந்துகொண்டோ இருக்கின்றது என்பதல்ல அதன் பொருள். இந்த இரண்டையும் சேர்த்து விளங்கிக்கொள்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது.

இது மனநோயா? இல்லை. பிள்ளையின் மனநிலையோ குடும்பக் கஷ்டமோதான் இந்நோயை உண்டாக்குகின்றது என்று நிறுவப்படவில்லை. பயம், கவலை, நித்திரையின்மை என்பன நோவைக் கூட்டலாம். அது எந்த நோவுக்கும் பொருந்தும். நான் எழுதிய முதல் அறிக்கையின் பிழை இங்கேதான் இருந்தது. யுத்தத்தால் பாதிக்கப்பட்ட வீடு என்றவுடன் எல்லாவற்றையும் அதன் தலையிலேயே போட்டுவிட்டேன். அந்தப் பிள்ளையோ யுத்தம் முடிந்து மூன்று வருடங்களின் பின் பிறந்தவள்.

தாய்மார் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

இந்நோயைக் காட்டித்தரும் தனியான இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்றேயோ கிடையாது. பிள்ளையைக் கேட்டும், காலைப் பார்த்தும், வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்தியுமே வைத்தியர் இதனைத் தீர்மானிக்கின்றார். எனவே தாய் கண்டு சொல்லும் விபரங்கள் பெறுமதியானவை. இரண்டு கால்களையும், அல்லது இரண்டு கைகளையும், அருகருகே வைத்துப் பாருங்கள்.

1. காயத்தின் அளவை மிஞ்சிய வலி, குறைவதற்குப் பதிலாக நாளுக்கு நாள் கூடுதல். எரிவு, குத்து, உளைவு என்று பிள்ளை பலவிதமாகச் சொல்லலாம்.

2. மெல்லிய தொடுகையையும் தாங்க முடியாமை. போர்வை, சப்பாத்து, குளிக்கும்போது படும் தண்ணீர்கூட நோகும்.

3. நிறமும் வெப்பமும் மாறுதல். சிவப்பு, நீலம், ஊதா, அல்லது திட்டுத்திட்டாக இருக்கலாம். பிள்ளைகளில் பெரும்பாலும் அந்த அவயவம் குளிர்ந்திருக்கும்.

4. வீக்கம், அல்லது அந்த இடத்தில் மட்டும் வியர்வை கூடுதல், குறைதல்.

5. அசைக்க முடியாமை, நடுக்கம், பலவீனம். தோல் மினுங்குதல். மயிரும் நகமும் மற்றப் பக்கத்தைப் போலன்றி வளர்தல்.

இவற்றை ஒரு கொப்பியில் திகதியுடன் எழுதி வையுங்கள். நிறம் எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கிளினிக்கிற்குச் செல்லும் நாளில் கால் நன்றாகத் தெரியலாம். கைத்தொலைபேசி இருந்தால், நிறம் மாறும் நேரத்தில் இரண்டு கால்களும் தெரியும்படி படம் எடுத்து வைத்து வைத்தியருக்குக் காட்டுங்கள்.

எல்லா நோவும் இதுவல்ல

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். இக்கட்டுரையை வாசித்துவிட்டு, “இது அந்த நோய்தான்” என்று வீட்டில் முடிவு செய்துவிடக் கூடாது. பிள்ளைகளின் கை, கால் நோவுக்கு வேறு பாரிய காரணங்களும் உண்டு. பின்வருவன இருந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

காய்ச்சலுடன் கூடிய நோ. ஓரிடம் சிவந்து, சூடாகி, வீங்கியிருத்தல். இவை எலும்பிலோ மூட்டிலோ ஏற்பட்ட கிருமித் தொற்றாக இருக்கலாம். நித்திரையிலிருந்து எழுப்பும் நோ, உடல் மெலிதல், வெளிறுதல், காரணமின்றிக் கண்டல்கள் தோன்றுதல், எலும்பில் கட்டி தென்படுதல் என்பன புற்றுநோய் வகைகளின் அறிகுறியாகவும் இருக்கலாம். காலையில் எழும்பும்போது மூட்டு விறைத்து, நேரம் செல்லச் செல்ல இளகுவதாயின் அது சிறுவர் மூட்டுவாதமாக இருக்கலாம். விழுந்தவுடனேயே காலை ஊன்ற முடியாவிட்டால் முறிவு உண்டா என்று பார்க்க வேண்டும். இரு கால்களும் சோர்ந்து போதல், சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல் என்பன அவசர நிலைமைகள்.

சிகிச்சை: ஓய்வல்ல, அசைவு

நம் வீடுகளில் நோ என்றால் முதலில் செய்வது படுக்க வைப்பது. கட்டுப்போடுவது. ஆனால் இந்நோயில் நீண்ட ஓய்வும் பிளாஸ்டரும் நிலைமையை மோசமாக்கும். அந்தக் கால் மீண்டும் பாவிக்கப்பட வேண்டும். நிலத்தில் ஊன்றப்பட வேண்டும். தொடுகைக்குப் பழக வேண்டும். சுடுநீரும் ஐஸும் வைத்து மரக்கச் செய்வது இதற்கு வைத்தியமல்ல. உணர்ச்சி குழம்பியுள்ள தோலில் அவை புண்ணையும் உண்டாக்கலாம்.

பிள்ளைகளின் நீடித்த வலி தொடர்பாக உலக சுகாதார நிறுவனம் 2020இல் வழிகாட்டல்களை வெளியிட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கின்ற, அல்லது திரும்பத் திரும்ப வருகின்ற வலியே நீடித்த வலியாகும். உடற்பயிற்சி சார்ந்த சிகிச்சை, உளவியல் ஆதரவு, தேவையான இடத்து மருந்து என்ற மூன்றையும் பிள்ளையின் நிலைமைக்கு ஏற்பப் பயன்படுத்துமாறு அது கூறுகின்றது. சீ.ஆர்.பி.எஸ். நோயில் இயன்மருத்துவமே அடித்தளமாகும். மருந்து வைத்தியர் தீர்மானிக்க வேண்டியது. பெரியவர்களின் நோ மாத்திரையை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

நமது பிள்ளைக்கு இயன்மருத்துவர் வகுத்துத் தந்த ஒழுங்கு எளிமையானது. முதலில் பஞ்சு. நாளொன்றுக்குச் சில தடவைகள், ஒவ்வொரு தடவையும் சில நிமிடங்கள், பாதத்தைப் பஞ்சினால் மெதுவாகத் தடவ வேண்டும். தடவுவது தாயல்ல, பிள்ளையே. பின்னர் மெல்லிய துணி. பின்னர் துவாய். அதன் பின்னர் முற்றத்து மணல். அதேநேரத்தில் கணுக்காலை அசைத்தல், கதிரையில் இருந்தபடி பாதத்தை நிலத்தில் வைத்தல், எழுந்து நிற்றல், அடியெடுத்து வைத்தல். ஒரே நாளில் பாய்வதில்லை. நோ குறைந்த நாளில் அளவுக்கு மிஞ்சிச் செய்வதுமில்லை, கூடிய நாளில் முற்றாக விடுவதுமில்லை.

கண்ணாடியும் பயன்பட்டது. இரு கால்களுக்கும் நடுவே நிலைக்கண்ணாடியை நிறுத்தி, நோகும் காலை அதன் பின்னே மறைத்து, நல்ல காலை அசைத்துப் பார்த்தால், கண்ணாடியில் தெரிவது நோகும் கால் சுகமாக அசைவதைப் போலிருக்கும். கால் இழந்தவர்களுக்கு இல்லாத காலில் நோ ஏற்படுவதை நமது வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்நோவுக்காக 1990களில் இக்கண்ணாடி முறையை அறிமுகப்படுத்தியவர், தமிழகத்தில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். இராமச்சந்திரன். பின்னர் அது சீ.ஆர்.பி.எஸ். நோயிலும் பயன்படுத்தப்படலாயிற்று. எல்லோருக்கும் ஒரே அளவில் பயன் தராவிட்டாலும், இயன்மருத்துவரின் வழிகாட்டலுடன் செய்து பார்க்கக்கூடியது.

தாய்க்கு வந்த சோதனை

இவற்றைச் செய்ய வேண்டியவள் பிள்ளை. ஆனால் மிகக் கஷ்டமான பங்கு தாய்க்கே இருந்தது. பிள்ளை அழ அழ, காலை நிலத்தில் வைக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதல் வாரத்தில் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “என்னால ஏலாது மிஸ். ஷெல்லடிக்கேக்கை சின்னதுகளைத் தூக்கிக்கொண்டு ஓடின கை இது. பிள்ளை அழுதால் தூக்கத்தான் தெரியும். அழவிட்டுட்டு நிக்கத் தெரியாது.”

நான் என்ன சொல்வது? இதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அடுத்த கிளினிக் நாளில் இயன்மருத்துவர்தான் அவருக்குப் பதில் சொன்னார். “அம்மா, நீங்கள் அவவைக் கைவிடேல்லை. பக்கத்திலை நிக்கிறீங்கள். நோகும், ஆனால் பழுதாகாது. இதை நீங்கள் நம்பினால்தான் அவவும் நம்புவா.”

நோகும், ஆனால் பழுதாகாது. வைத்தியர் வேறு நோய்கள் இல்லை என்று உறுதிப்படுத்திய பின்னரே சொல்லக்கூடிய வார்த்தைகள் இவை. அதன்பின் தாய்க்கும் மகளுக்கும் அதுவே மந்திரமாயிற்று. தாய் தனது வழங்காத கையையும் பிள்ளையோடு சேர்த்துப் பஞ்சினால் தடவத் தொடங்கினார். “இரண்டு பேரும் போட்டிக்குச் செய்யிறம்” என்று சிரித்தார். தனது கைக்கென்று அவர் எந்தக் கிளினிக்கிற்கும் சென்று பல வருடங்களாகியிருந்தன. மகளுடன் சென்ற சாட்டில் அதையும் காட்டினார்.

என்ன பேசுவது, எதைத் தவிர்ப்பது?

“இப்ப நோகுதோ? எவ்வளவு நோகுது?” என்று நாள் முழுவதும் கேட்காதீர்கள். அன்பினால் கேட்கின்றோம். ஆனால் கேட்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளையின் எண்ணம் அந்தக் காலுக்கே திரும்புகின்றது. அதற்குப் பதிலாக, “இண்டைக்கு எத்தனை அடி நடந்தனீங்கள்?” என்று கேளுங்கள். நோவைப் பற்றிப் பிள்ளை தானாகச் சொல்லும்போது செவிகொடுங்கள்.

“நடிக்கிறாய்”, “செல்லம்”, “உன்னை ஆர் கட்டுவான்” என்ற சொற்களை வீட்டிலிருந்து விலக்குங்கள். உறவினரோ அயலவரோ சொன்னால் தடுத்துப் பேசுங்கள். பெண் பிள்ளையின் காலைப் பற்றிய ஊர்ப் பேச்சு, அவளை வீட்டுக்குள் முடக்கும் இன்னொரு கட்டு.

நித்திரைக்கு நேரம் ஒழுங்கு செய்யுங்கள். நோ முற்றாகப் போன பிறகுதான் பாடசாலை என்று காத்திருக்க வேண்டாம். பாடசாலைக்குப் போவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. வைத்தியரின் கடிதத்துடன் நான் வகுப்பாசிரியையைச் சந்தித்தேன். முதலில் இரண்டு பாடவேளைகள், செருப்புடன் வர அனுமதி, கதவருகே ஓர் இருக்கை என்று ஒழுங்கு செய்தோம். சக பிள்ளைகளிடம், “இவவின்ர கால் நரம்புக்கு வருத்தம், ஆனால் தொத்தாது, நடக்க நடக்கச் சுகமாகும்” என்று ஆசிரியை எளிமையாக விளக்கினார். புத்தகப் பையைத் தூக்க இரண்டு சிநேகிதிகள் போட்டி போட்டார்கள்.

நமது நாட்டில் அரச வைத்தியசாலைகளில் இச்சிகிச்சை இலவசமானது. அருகிலுள்ள வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு உண்டா என்று கேளுங்கள். தேவையெனின் சிறுவர் நோய் விசேட வைத்தியருக்கு, அல்லது வாதநோய் மற்றும் புனர்வாழ்வு விசேட வைத்தியருக்குக் கடிதம் தருமாறு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. முதல் இடத்தில் நம்பவில்லையென்றால் இரண்டாவது இடத்திற்குச் செல்லத் தயங்காதீர்கள். பஸ் செலவும் வேலைக்குப் போகாத நாட்களும் பெரும் சுமை என்பதை நானறிவேன். உங்கள் பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடமோ சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ பேசிப் பாருங்கள்.

இன்று அந்தப் பிள்ளை

பெரியவர்களை விடப் பிள்ளைகள் இந்நோயிலிருந்து மீளும் வாய்ப்பு அதிகம். பெரும்பாலானோர் நன்கு தேறுகின்றனர். ஆயினும் சில வாரங்களில் தேறுவோரும் உண்டு, பல மாதங்கள் எடுப்போரும் உண்டு. சிலருக்கு நோ நீடிக்கின்றது. சிலருக்குத் தேறிய பின் திரும்பவும் வருகின்றது. இதனை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

எங்கள் பிள்ளை செப்டெம்பரில் ஊன்றுகோலை வைத்துவிட்டாள். அடுத்த வருடம் பரீட்சைக் காலத்தில் படியில் தடக்கியபோது அதே காலில் எரிவு மீண்டும் தொடங்கியது. இம்முறை பத்துமில்லை, பிளாஸ்டருமில்லை, நூலுமில்லை. வைத்தியரிடம் காட்டி முறிவில்லை என்று உறுதிப்படுத்திய மறுநாளே பஞ்சை எடுத்துக்கொண்டு இருந்துவிட்டாள். மூன்று வாரங்களில் தணிந்தது. அஞ்சலோட்டம் இன்னும் ஓடவில்லை. சைக்கிள் ஓடுகின்றாள்.

வலியைப் பற்றி ஆராயும் சர்வதேசச் சங்கம் 2020இல் வலிக்கான தனது வரைவிலக்கணத்தைத் திருத்தியபோது, ஒருவர் தமக்கு நோகின்றது என்று கூறினால் அது மதிக்கப்பட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டது. அதனை நான் ஒரு சிறு பிள்ளையிடம் பிந்திக் கற்றுக்கொண்டேன். இப்போது எந்த வீட்டுக்குச் சென்றாலும், அறிக்கை எழுத முன்னர், “எங்கை நோகுது, காட்டுங்கோ” என்று கேட்கின்றேன்.

அன்பான தாய்மாரே, நாம் எத்தனையோ இடங்களில் சொன்னதை எவரும் நம்பாதபோது பட்ட வேதனையை அறிந்தவர்கள். நம் பிள்ளை நோகுதென்று சொல்லும்போது, முதலில் நம்புவோம். அடுத்து, இரண்டு கால்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். பின்னர் வைத்தியரிடம் கொண்டு செல்வோம். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், அது வேறு நோய்களைத் தேடவும் பிள்ளையைக் கூர்ந்து பார்க்கவும் வேண்டிய இடமேயன்றி, பிள்ளையைக் குற்றஞ்சாட்டும் இடமல்ல.